குடியை விட்டவர் வீட்டில் தினசரி காலண்டர்

முப்பது நாள் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்தவர் தெளிவாகப் பேசுவார். கை நடுக்கம் நின்றிருக்கும், முகத்தின் உப்பல் வடிந்திருக்கும். "இனிமே தொடவே மாட்டேன்" என்பதையும் மனதாரத்தான் சொல்வார். அடுத்த வாரம் ரேஷன் கடைக்கு அனுப்பினால் அரிசியை வாங்கிக்கொண்டு பாமாயிலை மறந்துவிட்டு வருவார். டாக்டர் வரச் சொன்ன தேதி தாண்டிப் போகும். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கால் பழைய பாதையிலேயே போகும். "அவ்வளவு பேசினாரே, எல்லாம் நடிப்பா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

பெரும்பாலும் நடிப்பு இல்லை. பல வருடக் குடி மூளையின் எல்லா வேலைகளையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. பேச்சு, சொல்வளம், பழைய ஞாபகம், ஊர் நியாயம் பேசும் திறமை எல்லாம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அடி வாங்குவது வேறு இடம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, திட்டமிடுவதையும் வந்த ஆசையைத் தடுத்து நிறுத்துவதையும் பார்த்துக்கொள்ளும் பகுதி. கூடவே சிறுமூளையும், புதிய விஷயத்தைப் பதிய வைக்கும் பாதைகளும் கெடுகின்றன. அதனால் பேச்சில் ஆள் முழுசாகத் தெரிவார், காரியத்தில் ஓட்டை விழும். "நாளைக்கு நாலு மணிக்கு இதைச் செய்யணும்" என்று எதிர்காலத்துக்கென வைக்கும் ஞாபகம்தான் அதிகம் நழுவுகிறது. மாத்திரை, மறுபரிசோதனை, கொடுத்த வாக்கு எல்லாமே அந்த வகையில்தான் சேரும்.

இன்னொன்றும் உண்டு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்கும் திறமையும் குறைந்திருக்கும். மனைவி கவலையோடு பார்ப்பதை அவர் கோபம் என்று எடுத்துக்கொள்வார். குடியை விட்ட புதிதில் வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. "எனக்குப் பயமா இருக்குங்க" என்று வாயால் சொல்லிவிடுவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைவிட வேலை செய்யும்.

இந்தப் பதிவு பெரும்பாலும் விட்ட பிறகு வரும் மாதங்களைப் பற்றியது. ஆனால் விடும் முதல் ஐந்து நாள் தப்பாகப் போனால் பிறகு காப்பாற்ற மூளையே மிஞ்சாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் குடியை விடுபவர்கள் பலர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள், இல்லையென்றால் கார்த்திகையில் மாலை போடுவார்கள். நல்ல விஷயம். ஆனால் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது 6 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல், இல்லாத பூச்சியையும் ஆளையும் பார்ப்பது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். அது உயிரையே எடுக்கக்கூடியது. "சாமி வந்திருக்கு", "காத்து கருப்பு" என்று பூசாரியிடம் போய் ஒரு நாளை வீணாக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முன்பு விட்டபோது வலிப்பு வந்தவர், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், ஈரல் கெட்டவர் ஆகியோர் மாலை போடும் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவைப் பார்த்துவிட வேண்டும். லிப்ரியம் வகை மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் மோசமாக இருந்தால் லோராசெபாம் கொடுப்பார்கள்.

டாக்டரிடம் "கொஞ்சமாத்தான் குடிப்பார்" என்று சொல்லாதீர்கள், குவார்ட்டர் கணக்கில் சொல்லுங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சாராய அளவு 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஒரு 'டிரிங்க்' என்றால் ஒரு குவார்ட்டரே ஆறு டிரிங்க். "ஒரு குவார்ட்டர்தான்" என்பதில் அந்த 'தான்'-க்கு இடமே இல்லை.

பத்து நாள் விடுவதும் பிறகு குடிப்பதும் மறுபடி விடுவதுமாக இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு முறை விடும்போதும் நரம்பு மண்டலம் முன்பைவிட அதிகமாகத் துள்ளும். முதல் முறை வெறும் நடுக்கம், மூன்றாம் முறை வலிப்பு என்று போகும். "போன தடவை ஒண்ணும் ஆகலியே" என்பதை நம்ப முடியாது.

அடுத்தது குளுக்கோஸ் பாட்டில். சாப்பிடாமல் குடித்துக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போய், "ரொம்ப வீக்கா இருக்காரு, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு தைமின், அதாவது பி1 வைட்டமின் தேவை. உடம்பின் மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். சாப்பாடு சரியில்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் துளியையும் ஏற்றிய குளுக்கோஸ் இழுத்துக்கொண்டால் மூளையின் நடுப்பகுதி பட்டினியில் கருகும். குழப்பம், கண் ஆடுவது அல்லது இரண்டாகத் தெரிவது, தள்ளாட்ட நடை என வரும் இந்த நிலைக்கு வெர்னிக்கே என்று பெயர். மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்பதில்லை, ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். உடனே கவனித்தால் பெருமளவு மீட்கலாம். விட்டுவிட்டால் கார்சகாஃப் என்ற நிரந்தர மறதியில் கொண்டுபோய் விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தினமும் குடிப்பவர் சார், தைமின் ஊசி போட்டாச்சா?" குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ ஊசியாகப் போக வேண்டும். குடித்துக் கெட்ட குடல் மாத்திரையில் உள்ள தைமினைச் சரியாக உறிஞ்சாது. அதனால் முதலில் ஊசி, பிறகு மாத்திரை.

சாப்பாட்டில் நம் மாவட்டக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 0.37 மில்லிகிராம் தைமின் இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் 0.05, புழுங்கலரிசியில் 0.17. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிடும் வீடு இந்த விஷயத்தில் முன்னால் நிற்கிறது. சோறுதான் வேண்டுமென்றால் புழுங்கலரிசி போடுங்கள், நாலைந்து தண்ணீர் கழுவாதீர்கள், கஞ்சியைக் கொட்டாதீர்கள். ஆனால் களி சிகிச்சை ஆகாது. காலியான தொட்டியை நிரப்புவது ஊசியும் மாத்திரையும், நிரம்பியதை நிலைநிறுத்துவதுதான் சாப்பாடு.

இனி காலண்டருக்கு வருகிறேன். மறந்துபோகும் மூளையிடம் "ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிப் பயனில்லை. ஞாபகத்தைத் தலைக்கு வெளியே கொண்டுவந்து சுவரில் மாட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ராசிபலனோடு ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அதையே பயன்படுத்தலாம். மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதியில், அந்தத் தாளிலும் அதற்கு முந்தைய நாள் தாளிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு நாளுக்கான மாத்திரையைச் சின்னக் கவரில் போட்டு அன்றைய தாளோடு கிளிப்பில் மாட்டுங்கள். விதி ஒன்றே ஒன்று: மாத்திரை போட்ட பிறகுதான் தாளைக் கிழிக்க வேண்டும். மதியம் நேற்றைய தேதியே தொங்கிக்கொண்டிருந்தால் நேற்றைய மாத்திரை போகவில்லை என்று அர்த்தம். யாரும் யாரையும் "போட்டீங்களா?" என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்த விசாரணையில்தான் பல சண்டைகள் ஆரம்பிக்கின்றன.

குடி ஆசையைக் குறைக்க எந்த மாத்திரை என்பதிலும் இந்த மறதியைக் கணக்கில் எடுக்க வேண்டும். அக்காம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு இரண்டாக மூன்று வேளை, அதாவது நாளுக்கு ஆறு போட வேண்டும். மதிய வேளை கட்டாயம் விட்டுப்போகும். நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. மறதி உள்ளவருக்கு இது சுலபம் என்பது என் சாய்வு. ஆனால் ஈரல் பரிசோதனை வேண்டும், டிராமடால் போன்ற வலி மாத்திரையோடு சேராது. அக்காம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். முடிவு டாக்டருடையது. "இவர் மதிய மாத்திரையை மறந்துடுவார் சார்" என்ற தகவல் மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டியது.

டைசல்ஃபிராம் தனிக் கதை. அது போட்டவர் குடித்தால், ஆல்கஹால் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கி, சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. போட்டதையே மறந்துவிடும் நிலையில் இருப்பவருக்கு, குடித்தால் என்ன ஆகும் என்பதை மனதில் நிறுத்த முடியாதவருக்கு, இது சரியான மருந்து அல்ல. சுவர் விளம்பரத்தையும் பஸ் நோட்டீசையும் பார்த்து "தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும்" பொடியை வாங்கவே வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. டைசல்ஃபிராம் இருந்துவிட்டால் தெரியாமல் குடிப்பவர் செத்துப்போகலாம். தெரிந்து, சம்மதித்து, மனைவியோ அம்மாவோ பார்க்கப் போடுபவருக்கு மட்டுமே அது உதவும். அவரும் அரிஷ்டம் குடிக்கக் கூடாது. திராட்சாரிஷ்டம், தசமூலாரிஷ்டம் எல்லாவற்றிலும் நொதித்து வந்த ஆல்கஹால் இருக்கிறது. சில இருமல் டானிக்குகளிலும் உண்டு.

கவுன்சலிங் விஷயத்தில் ஒரு மனக்குறை. முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்து, குடியின் தீமைகளில் தொடங்கி மறுவீழ்ச்சித் தடுப்பு வரை எல்லாவற்றையும் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. அவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்பார். மாலையில் கேட்டால் ஒன்றும் இருக்காது. முதல் இரண்டு வாரம் மூளை மூட்டத்தில் இருக்கிறது, போதாததற்குத் தூக்க மாத்திரையும் ஓடுகிறது. அந்த நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், ஒரே ஒரு செய்தி போதும். பிறகும் இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சொன்னதை அவர் வாயால் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும், அடுத்த முறை அதையே மறுபடி கேட்க வேண்டும்.

எழுதிக் கொடுப்பது எப்படி என்பதிலும் விஷயம் இருக்கிறது. "கெட்ட சகவாசத்தைத் தவிர்" என்று எழுதினால் அந்த நேரத்தில் கைகொடுக்காது. ஆசை எழும்பும் நிமிடத்தில் புதிதாக யோசிக்கும் திறன்தான் அவரிடம் குறைவு. ஆகவே யோசிக்கத் தேவையில்லாதபடி 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட வேண்டும். உதாரணத்துக்கு: "யாராவது 'மச்சான், ஒரு கட்டிங் போடலாம் வா' என்றால், 'மாத்திரை ஓடுது, ஒத்துக்காது' என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடப்பேன்." ஒரு வாக்கியப் பேச்சு, ஒரு உடல் அசைவு, அவ்வளவுதான். மூன்று அட்டைக்கு மேல் வேண்டாம். ஒன்று போன் கவருக்குள் இருக்கட்டும். வீட்டில் யாராவது 'மச்சான்' வேஷம் போட்டு, தினமும் நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். சிரிப்பு வரும், வரட்டும். ஆசை அலை போல ஏறி, பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பது நிமிடத்தில் இறங்கிவிடும். அந்த அரை மணியைக் கடத்தத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஆசையைக் கிளப்புவது எது என்று கேட்டால் எல்லோரும் கடையைச் சொல்வார்கள். தொட்டுக்கொள்ளும் பண்டத்தை யாரும் சொல்வதில்லை. உப்புக்கடலை, மிக்சர், ஊறுகாய் பாக்கெட், ஆம்லெட், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட். இவை கண்ணில் பட்டாலே பல வருடப் பழக்கம் விழித்துக்கொள்ளும். மாலைப் பசிக்கு மிக்சர் வாங்கி வைக்கும் வீடுகள் அதை நிறுத்தி, வேகவைத்த நிலக்கடலையோ கொள்ளு சுண்டலோ கொடுக்கலாம். மாலை ஆறு மணிக்கே வயிறு நிறைந்திருக்க வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு என்று ஆசையைத் தூண்டும் நான்கில் பசிதான் தடுக்க மிக எளிது.

பணம் அடுத்த ஓட்டை. இன்றைய ஒரு கட்டிங்கையும் மூன்று மாதம் கழித்து வரும் நிம்மதியையும் எடைபோடும்போது, குடிநோயில் அடிபட்ட மூளை இன்றைக்கே அதிக எடை கொடுக்கும். கூலி நாளில் அறிவுரை செல்லாது. கூலி பணமாகக் கைக்கு வராமல் வங்கிக் கணக்குக்கு வரட்டும். ஜிபே, போன்பே இருப்பவருக்கு ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துப் பயனில்லை. வேறொரு கணக்கு தொடங்கி, அதில் வாரத்துக்கு 500 ரூபாய் மட்டும் போட்டு, போனை அந்தக் கணக்கோடு மட்டும் இணைத்துவிடுங்கள். இது அவர் சம்மதத்தோடு, 'மூன்று மாதத்துக்கு' என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு நடக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் அது தண்டனையாகத் தெரியும், அதற்கெதிராகவே குடிப்பார்.

ஓசூர் சிப்காட்டில் வாரம் மாறும் ஷிஃப்டில் வேலை செய்பவர்கள், முடிந்தால் மூன்று மாதம் பொது ஷிஃப்ட் கேட்டு வாங்குங்கள். குடியை விட்டவரின் தூக்கம் மாதக்கணக்கில் உடைந்தே இருக்கும். அதோடு இரவு ஷிஃப்டும் சேர்ந்தால் பதிய வேண்டியது மூளையில் பதியாது. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது ஒரு குழியிலிருந்து இன்னொரு குழி. பவர் பிரஸ், கிரானைட் அறுக்கும் மிஷின், லாரி ஆகியவற்றுக்கு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே திரும்ப வேண்டும். கவனமும் கை வேகமும் முதல் வாரங்களில் குறைவு, விரல் போய்விடும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் மருத்துவச் சான்றோடு விடுப்பெடுத்தால், சந்தா கட்டிய நாட்கள் தகுதிக்குப் போதுமானதாக இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும்.

விசேஷங்களை மறந்துவிடக் கூடாது. தை, மாசியில் எருது விடும் விழா, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், ஊர் மாரியம்மனுக்குக் கிடா வெட்டு. முதல் மூன்று மாதத்தில் வரும் விசேஷத்துக்கு அவர் போகாமல் இருந்தால் குடி முழுகிப்போகாது. போயே ஆக வேண்டுமென்றால் பந்தி முடிந்ததும் கிளம்பும் வண்டியில் போக வேண்டும். கடை அடைக்கும் நாட்களை நம்பவும் முடியாது. இங்கே கடை மூடினால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு பைக் பறக்கிறது.

மாலை போட்டவருக்கு விரதம் முடியும் நாளுக்கென்று தனியாகத் திட்டம் வேண்டும். ஒரு மண்டலத்தில் மூளை கணிசமாகத் தெளியும், ஆனால் முழுசாக அல்ல. விரதம் முடிந்தது என்பதே "இனி குடிக்கலாம்" என்று உள்ளே ஒலிக்கும். மலையிலிருந்து இறங்கும் வண்டியில் யாருடன் உட்காருகிறார், மாலையைக் கழற்றிய அன்று மாலை எங்கே இருப்பார், அந்த வாரம் எந்தத் தேதியில் டாக்டரைப் பார்ப்பார் என்பதெல்லாம் மாலை கழுத்தில் இருக்கும்போதே காலண்டரில் ஏறியிருக்க வேண்டும்.

தவறி ஒரு நாள் குடித்துவிட்டால், மறுநாளே மருத்துவமனை அல்லது கவுன்சலர். "போச்சு, எல்லாம் போச்சு" என்ற நினைப்புதான் ஒரு கட்டிங்கை ஒரு வாரமாக்குகிறது. பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டிலேயே பட்டென்று நிறுத்த வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

எல்லா மந்தத்தையும் 'குடியை விட்ட மறதி' என்று விட்டுவிடவும் கூடாது. பகலில் தூங்கி இரவில் விழித்து, கை விசிறி போல அடித்துக்கொண்டு, உளறினால் ஈரல் காரணமாக இருக்கலாம். மலச்சிக்கல்கூட அதைக் கிளப்பும். சில வாரங்களுக்கு முன் குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்தவருக்குத் தலைவலியும் தூக்கக் கலக்கமும் நாளுக்கு நாள் கூடினால் மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கட்டியிருக்கலாம், சி.டி. ஸ்கேன் வேண்டும். திடீர்க் குழப்பம், வலிப்பு, கண் ஆடுவது ஏதாவது இருந்தால் 108.

மற்றபடி மீட்சி மெதுவாக, சமமில்லாமல் வரும். முதல் வாரங்களில் தெளிவு வேகமாகக் கூடும். பிறகு மாதங்களில் கவனமும், ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் ஞாபகமும் ஏறும். இடம், உருவம் புரிவதும் சிக்கலான திட்டமிடலும் ஒரு வருடம் வரைகூட எடுக்கும். குறைந்தது இரண்டு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு மருத்துவமனை உளவியலாளரிடம் ஞாபகத்தையும் கவனத்தையும் பார்க்கும் மோக்கா என்ற சோதனை கேளுங்கள். பத்து நிமிடம், 30 மதிப்பெண், 26-க்குக் குறைந்தால் மேலும் பார்ப்பார்கள். தமிழில் இருக்கிறது. படிப்பு குறைவானவருக்கு மதிப்பெண்ணை அதற்கேற்பப் படிக்க வேண்டும், பள்ளிக்கே போகாதவருக்கு வேறு வடிவம் உண்டு.

கெடுபிடிகளைத் தளர்த்தும்போது பணத்தை முதலில் தளர்த்துங்கள், வாரம் 500 என்பது 1,000 ஆகட்டும். பிறகு தனியாக வெளியூர்ப் பயணம். காலண்டரும் மாத்திரைக் கவரும் கடைசியில். ஆறு மாதத்தில் மோக்காவை மறுபடி எடுங்கள். முழுக்கக் குடிக்காமலிருந்தும் மதிப்பெண் நகரவில்லை, காலையில் சாப்பிட்டதையே நினைவில்லாமல் இட்டுக்கட்டிச் சொல்கிறார் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை எட்டும் தூரம்தான். கார்சகாஃப் என்று உறுதியானால் காலண்டரை எடுக்க வேண்டாம், அது அந்த வீட்டில் நிரந்தரமாக இருக்கட்டும். பொருட்களை வைத்த இடத்தை மாற்றாமல், ஒரே வரிசையில், தவறு நேர விடாமல் ஒவ்வொரு வேலையாகப் பழக்கினால் அவரும் புதிதாகச் சிலவற்றைக் கற்றுக்கொள்வார்.